மலிவுக் கார் எதற்குப் பதிலாக வருகிறது?

2008 ஜனவரி 10 அன்று டெல்லி வாகனக் கண்காட்சியில் ரத்தன் டாடா நானோ காரை அறிமுகப்படுத்தினார். விலை ஒரு லட்சம் ரூபாய். மழையில் ஒரு குடும்பமே ஒற்றை ஸ்கூட்டரில் போவதைப் பார்த்தபோது தோன்றிய எண்ணம் அது என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். எல்லோரும் அதைக் கொண்டாடவில்லை. பருவநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.க்கு அப்போது தலைவராக இருந்த ராஜேந்திர பச்சௌரி, இந்தக் காரை நினைத்தால் கெட்ட கனவு வருவதாகவே சொன்னார். ஸ்கூட்டர் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் காருக்கு மாறினால் காற்று என்னவாகும், அத்தனை பெட்ரோலுக்கு எங்கே போவது என்ற கேள்விகள் எழுந்தன. வீட்டுக்கு இரண்டு கார் வைத்திருக்கும் நாடுகள் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்ற கோபமும் பதிலுக்கு எழுந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

பிறகு நடந்ததை இரு தரப்பும் எதிர்பார்க்கவில்லை. நானோ விற்கவில்லை. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கார் செய்யும் அளவுக்குக் குஜராத்தின் சாணந்தில் தொழிற்சாலை கட்டினார்கள். மிக நன்றாகப் போன 2011-12ஆம் ஆண்டில்கூட விற்பனை 75,000ஐத் தொடவில்லை. 2018 ஜூன் மாதம் அங்கே தயாரானது ஒரே ஒரு நானோ. ஆனால் கார் விற்பனை மட்டும் ஏறிக்கொண்டே போனது. 2007-08இல் இந்தியாவில் விற்ற பயணிகள் வாகனங்கள் சுமார் 15.5 லட்சம், 2023-24இல் சுமார் 42 லட்சம். அந்த 42 லட்சத்தில் பாதிக்கு மேல் எஸ்.யு.வி. போன்ற பெரிய வண்டிகள். 600 கிலோ எடையும் 624 சி.சி. எஞ்சினும் கொண்ட, சோதனையில் லிட்டருக்கு 23.6 கி.மீ. ஓடிய ஒரு குட்டிக் காரைப் பற்றி உலகமே விவாதித்தது. அதைவிட இரண்டு மடங்கு கனமான வண்டிகள் பெரிதாக விவாதம் எதுவும் இல்லாமலே சாலைகளை நிரப்பிவிட்டன.

அதற்காக மலிவுக் காரால் கேடே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கேடு உண்டு, சில இடங்களில் அது உயிரைப் பறிக்கும் கேடு. ஆனால் காரின் விலையை மட்டும் பார்த்து அதை அளக்க முடியாது. அந்தக் கார் எதற்குப் பதிலாக வருகிறது என்று கேட்டால்தான் கணக்கு பிடிபடும். ஸ்கூட்டருக்குப் பதிலா? பேருந்துக்குப் பதிலா? நடைக்கும் சைக்கிளுக்கும் பதிலா? அல்லது கரும்புகை கக்கும் ஒரு பழைய காருக்குப் பதிலா? கார் ஒன்றுதான், ஆனால் இந்த நான்குக்கும் விடை வேறு வேறு.

ஆளுக்கு எவ்வளவு?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு (கரியமில வாயு) வெளியேறும். டீசல் என்றால் 2.7 கிலோ. இது வேதியியல் கணக்கு, எஞ்சினை மாற்றி இதை மாற்ற முடியாது. லிட்டருக்கு 50 கி.மீ. போகும் ஒரு பைக், கிலோமீட்டருக்கு 46 கிராம் வெளியிடுகிறது. 20 கி.மீ. போகும் சிறிய கார் 115 கிராம். பத்தே கி.மீ. போகும் பழைய கார் 230 கிராம். நகரப் பேருந்து லிட்டர் டீசலுக்கு நான்கு கி.மீ. ஓடினால் 675 கிராம்.

இப்போது ஆள் கணக்கைச் சேர்த்துப் பார்க்கலாம். பேருந்தில் 40 பேர் இருந்தால் ஆளுக்கு 17 கிராம்தான். பைக்கில் ஒருவர் போனால் 46, இருவர் போனால் 23. சிறிய காரில் நால்வர் உட்கார்ந்தால் ஆளுக்கு 29 கிராம், அது மோசமில்லை. ஆனால் அன்றாடம் வேலைக்குப் போகும் காரில் நால்வர் இருப்பதில்லை. ஒருவர் மட்டும் போனால் 115 கிராம் முழுவதும் அவர் கணக்கு. பேருந்தை விட்டுவிட்டுத் தனியாகக் காரில் ஏறுபவரின் பங்கு ஆறு மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. அதே கார், லிட்டருக்குப் பத்து கி.மீ. ஓடிய ஒரு பழைய வாடகைக் காரை ஓரங்கட்டினால் பங்கு பாதியாகக் குறைகிறது. இதில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவது எஞ்சின் நுட்பம் அல்ல, அந்தக் கார் வருவதற்கு முன் அந்த மனிதர் எப்படிப் போய்வந்தார் என்பதுதான்.

ரத்தன் டாடா நினைத்த குடும்பத்துக்கு இதில் இடம் உண்டு. ஸ்கூட்டரில் குழந்தையை நடுவில் நெருக்கி உட்கார வைத்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே போகும் தாய்தகப்பன் நான்கு சுவரும் கூரையும் உள்ள ஒரு வண்டிக்கு ஆசைப்பட்டால் அதைச் சுற்றுச்சூழல் குற்றமாகப் பார்க்க என்னால் முடியாது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2019-21இல் இந்தியக் குடும்பங்களில் சுமார் 8 சதவீதத்திடம்தான் கார் இருந்தது. பாதிக் குடும்பங்களிடம் இருசக்கர வாகனம் இருந்தது. அமெரிக்காவில் ஆயிரம் பேருக்கு எண்ணூறு வாகனங்களுக்கு மேல் இருக்கின்றன. வளிமண்டலத்தில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கரியமில வாயுவில் பெரும்பங்கு யாருடையது என்பதில் குழப்பம் ஏதும் இல்லை.

ஆனால் கரியமில வாயு கணக்கின் ஒரு பாதிதான். அது எங்கே வெளியேறினாலும் உலகத்துக்கே பொது. புகை அப்படியல்ல, அது வெளியேறும் தெருவிலேயே தங்குகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள், எரியாத ஹைட்ரோகார்பன்கள், கார்பன் மோனாக்சைடு, நுரையீரலின் அடிவரை போகும் நுண்துகள் எல்லாவற்றையும் சாலையோரத்தில் இருப்பவர்கள்தான் சுவாசிக்கிறார்கள். வெளிக்காற்று மாசால் 2019இல் உலகில் 42 லட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்பே இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அந்த மரணங்களில் மிகப் பெரும்பாலானவை ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். சமையல் அடுப்பு, அனல் மின்நிலையம், செங்கற்சூளை என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு, வாகனம் அவற்றில் ஒன்று. ஆனால் வாகனப் புகையில் ஒரு தனி அநீதி இருக்கிறது. காரில் போகிறவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. போட்டுக்கொள்கிறார். பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரும், தள்ளுவண்டிக்காரரும், போக்குவரத்துக் காவலரும், நடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளையும் அதைச் சுவாசிக்கிறார்கள். கார் வாங்க வசதியில்லாத வீடுகள்தான் காரின் விலையில் ஒரு பகுதியைக் கட்டிக்கொண்டிருக்கின்றன.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிறிய வண்டி என்பதாலேயே அது சுத்தமான வண்டி ஆகிவிடாது. பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களில் மசகு எண்ணெய் பெட்ரோலோடு கலந்து எரியும். உள்ளே போகும் எரிபொருளில் கணிசமான பங்கு எரியாமலே வெளியே வந்துவிடும். டாக்காவில் அப்படி ஓடிய ஆயிரக்கணக்கான மூன்று சக்கர டாக்ஸிகளை 2003 பிறந்தபோது நகரத்துக்குள் தடை செய்தார்கள். அவற்றின் இடத்தில் இயற்கை எரிவாயுவில் ஓடும் ஃபோர்-ஸ்ட்ரோக் ஆட்டோக்கள் வந்தன, காற்று கண்கூடாகத் தெளிந்தது. மைலேஜ் நன்றாக இருந்தால் புகையும் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். பெட்ரோல் செலவு குறைந்தால் கரியமில வாயு குறையும், அவ்வளவுதான். நச்சுப்புகை குறைய எஞ்சின் வகை, எரிபொருளின் தரம், சைலன்சருக்கு முன்னால் இருந்து நச்சு வாயுக்களைக் கேடு குறைந்தவையாக மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மூன்றும் சரியாக இருக்க வேண்டும்.

உலகின் உண்மையான மலிவுக் கார்

மலிவுக் கார் என்றதும் நமக்கு நானோ, மாருதி 800, ருமேனியாவின் டாசியா லோகன் போன்ற புதுக் கார்கள்தான் நினைவுக்கு வரும். ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியிலும் மத்திய அமெரிக்காவிலும் மலிவுக் கார் என்பது கப்பலில் வந்து இறங்கும் பழைய கார். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2015 முதல் 2018 வரை ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், அமெரிக்கா ஆகிய இடங்களிலிருந்து 1.4 கோடி பழைய இலகுரக வாகனங்கள் ஏற்றுமதியாயின. அதில் 80 சதவீதம் ஏழை, நடுத்தர வருமான நாடுகளுக்குப் போனது. ஆராய்ந்த 146 நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கில் இந்த இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் விதிகள் பலவீனமாகவோ மிகப் பலவீனமாகவோ இருந்தன.

நெதர்லாந்தின் துறைமுகங்களிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்ட கார்களை அந்த நாட்டுப் போக்குவரத்து ஆய்வுத்துறையே சோதித்துப் பார்த்து அதே 2020இல் அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலானவை 16 முதல் 20 வயது ஆனவை. ஏற்றுமதியாகும் நேரத்தில் பலவற்றுக்குச் சாலையில் ஓடத் தகுதிச் சான்றிதழ்கூட இல்லை. சிலவற்றில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே கழற்றியிருந்தார்கள். அதில் இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மூன்றும் விலை உயர்ந்த உலோகங்கள். கழற்றி விற்றால் நல்ல காசு. நன்றாக வேலை செய்யும் ஒரு கன்வெர்ட்டர், எஞ்சின் சூடேறிய பிறகு, நச்சு வாயுக்களில் பத்தில் ஒன்பது பங்கை மாற்றிவிடும். அதை எடுத்துவிட்டு ஒரு காரை அனுப்புவது, வாங்குபவரின் ஊர்க்காற்றிலிருந்து திருடுவதுதான். இதைவிட மென்மையான சொல் எனக்குத் தோன்றவில்லை.

இந்தப் பழைய கார் வணிகத்தில் ஒரு விநோதமான கணக்கு இருக்கிறது. மெக்ஸிகோ 2005இல் அமெரிக்காவின் பழைய கார்களுக்கு எல்லையைத் திறந்துவிட்டது. 2008க்குள் 25 லட்சம் கார்கள் உள்ளே வந்தன. லூகாஸ் டேவிஸ், மாத்யூ கான் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அந்தக் கார்களின் புகைச் சோதனை விவரங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். எல்லை தாண்டிய கார்கள் அமெரிக்காவில் ஓடும் சராசரிக் காரைவிட அதிகம் புகை விடுபவை. ஆனால் மெக்ஸிகோவின் சராசரிக் காரைவிடக் குறைவாக விடுபவை. ஆகவே இரண்டு நாட்டிலும் சராசரி கீழே வந்தது. நல்ல செய்திதானே என்று தோன்றும். மொத்தப் புகையோ கூடியது. அமெரிக்காவில் இருந்திருந்தால் உடைத்து இரும்பாகியிருக்க வேண்டிய கார்கள், மெக்ஸிகோவில் இன்னும் பல ஆண்டுகள் ஓடின. மெக்ஸிகோவின் சொந்தப் பழைய கார்களும் ஓடுவதை நிறுத்தவில்லை. வந்த கார் எதற்கும் பதிலாக வரவில்லை, கூடுதலாக வந்தது.

மெக்ஸிகோ நகரத்திலேயே இதற்கு முன்பு நடந்த இன்னொரு கதையும் உண்டு. 1989இல் அங்கே ஒவ்வொரு காரும் வாரத்தில் ஒரு நாள் ஓடக் கூடாது என்று விதி வந்தது. நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணை வைத்து நாள் குறித்தார்கள். கார் மலிவாகக் கிடைக்கும் ஊரில் அந்த விதிக்கு மக்கள் கண்ட தீர்வு, வேறு எண்ணில் முடியும் இன்னொரு பழைய கார். லூகாஸ் டேவிஸ் 2008இல் வெளியிட்ட ஆய்வில் அந்த விதியால் காற்று மேம்பட்டதற்கு அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. ஊரில் கார்களின் எண்ணிக்கை கூடியதற்கும், பழைய கார்களின் பங்கு ஏறியதற்கும்தான் அடையாளம் கிடைத்தது.

இறக்குமதிக்கு வயது வரம்பு வைத்தால் போதுமா? கென்யா எட்டு வயதுக்கு மேற்பட்ட கார்களை அனுமதிப்பதில்லை. உகாண்டா 2018இல் 15 வயதுக்கு மேற்பட்டவற்றைத் தடை செய்தது. இவை உதவுகின்றன. ஆனால் எட்டு வயதில் இறங்கும் கார் அதற்கப்புறம் இருபது ஆண்டுகள் ஓடும். ஆண்டுதோறும் புகைச் சோதனை இல்லாத இடத்தில், அல்லது காசு கொடுத்தால் சான்றிதழ் கிடைக்கும் இடத்தில், வயது வரம்பு வாசலில் நிற்கும் காவல் மட்டும்தான். புதுக் காராக இருந்தாலும் பழைய வடிவத்தையே மாற்றாமல் செய்துகொண்டிருந்தால் பயனில்லை. ஈரானின் பைக்கான் கார் 1967இல் பிரிட்டனின் ஹில்மன் ஹன்டரிலிருந்து உருவானது. அதையே 2005 வரை தொழிற்சாலையில் புதிதாகச் செய்து விற்றார்கள். பெட்ரோலும் அங்கே மலிவு. தெஹ்ரானின் குளிர்காலப் புகைமூட்டத்தில் அந்தக் காருக்குப் பெரும் பங்கு இருந்தது.

எரிபொருளும் பேட்டரியும்

காரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்பதற்கு ஈயம் கலந்த பெட்ரோல் ஒரு பாடம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் அது செயலிழக்கச் செய்துவிடும். எனவே பெட்ரோலில் ஈயம் இருக்கும் நாட்டில் எவ்வளவு நல்ல காரை இறக்கினாலும் பயன் இல்லை. இந்தியாவில் 2000ஆம் ஆண்டோடு அது முடிந்தது. உலகின் கடைசி நாடான அல்ஜீரியாவில் 2021 ஜூலை வரை அது விற்பனையில் இருந்தது.

எரிபொருளில் இருக்கும் அடுத்த கேடு கந்தகம். ஐரோப்பாவில் டீசலில் பத்து லட்சம் பங்குக்கு 10 பங்கு கந்தகம்தான் இருக்கலாம். கானாவில் 3,000 பங்கு வரை அனுமதி இருந்தது. ஐரோப்பியத் துறைமுகங்களில் கலந்து தயாரித்த அந்த அழுக்கு டீசல் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வருவதை 2016இல் ஸ்விட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு அம்பலப்படுத்தியது. கானா மறு ஆண்டே வரம்பை 50ஆகக் குறைத்தது. இந்தியா 2020 ஏப்ரல் 1 அன்று, வாகனப் புகைக்கு வரம்பு வைக்கும் பாரத் ஸ்டேஜ் விதிகளில் 4இலிருந்து நேராக 6க்குத் தாவியபோது பெட்ரோல், டீசல் இரண்டிலும் கந்தகத்தை 50லிருந்து 10ஆகக் குறைத்தது. சுத்திகரிப்பு ஆலைகளில் பெரும் முதலீடு தேவைப்பட்ட வேலை அது. ஆனால் அதன் பயன் புதுக் காருக்கு மட்டும் போகவில்லை; சாலையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொரு வண்டிக்கும் நல்ல எரிபொருள் கிடைத்தது. ஒரு அரசு ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் நான் முதலில் எரிபொருளைச் சரிசெய்யத்தான் சொல்வேன்.

கார் ஓடி முடித்த பிறகு நடப்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒவ்வொரு காரிலும் பல கிலோ ஈயம் கொண்ட ஒரு பேட்டரி இருக்கிறது. வெப்பமான நாடுகளில் அது சில ஆண்டுகள்தான் உழைக்கும். கார் மலிந்தால் பழைய பேட்டரியும் மலியும். செனகலின் தலைநகரான டாக்கரின் ஓரத்தில் தியாரோய்-சூர்-மேர் என்று ஒரு குடியிருப்பு. அங்கே பெண்கள் பழைய பேட்டரிகளை உடைத்து, மண்ணில் கலந்த ஈயத்தைச் சல்லடையில் சலித்து எடுத்து விற்றார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தன. தாய்மார்கள் வேலை செய்த மண்ணில் விளையாடிய குழந்தைகள் அவை. அந்தக் குடும்பங்களுக்குச் சொந்தமாகக் கார் இருந்திருக்க வாய்ப்பே குறைவு. யுனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020இல் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் கவலைப்பட வேண்டிய அளவுக்கு ஈயம் இருக்கிறது. முறையற்ற பேட்டரி மறுசுழற்சி அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று. மலிவுக் காரைப் பற்றிய விவாதங்களில் சைலன்சர் புகை வரும், பெட்ரோல் வரும், நெரிசல் வரும். இந்த மண் அபூர்வமாகத்தான் வருகிறது.

மலிவாக்குவது யார்?

கார் தானாக மலிவதில்லை, அரசுகள் அதை மலிவாக்குகின்றன. பிரேசில் 1993இல் ஒரு லிட்டர் எஞ்சின் கார்களுக்கு வரியை ஏறக்குறைய நீக்கியது. சில ஆண்டுகளில் அங்கே விற்கும் கார்களில் பெரும்பாலானவை அந்த வகையாகின. சீனா 2009இல் 1.6 லிட்டர் வரையுள்ள கார்களுக்கு வாங்கும் வரியைப் பாதியாக்கியது. அந்த ஆண்டே அமெரிக்காவைத் தாண்டி உலகின் மிகப் பெரிய கார் சந்தையானது. இரண்டே ஆண்டுகளில் பெய்ஜிங் நெரிசல் தாங்காமல் நம்பர் பிளேட்டைக் குலுக்கல் முறையில் கொடுக்கத் தொடங்கியது. தாய்லாந்து 2011இல் முதல் கார் வாங்குவோருக்கு ஒரு லட்சம் பாட் வரை வரியைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தது, ஏறத்தாழ 12.5 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். பாங்காக்கின் சாலைகள் எப்படி இருந்தன என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தோனேசியாவின் முயற்சி கொஞ்சம் யோசித்துச் செய்தது, அதனாலேயே அதைக் கவனிக்க வேண்டும். 2013இல் 'மலிவான பசுமைக் கார்' என்று ஒரு திட்டம் வந்தது. 1,200 சி.சி.க்குள் பெட்ரோல் எஞ்சின், லிட்டருக்குக் குறைந்தது 20 கி.மீ., விலை 9.5 கோடி ரூபியாவுக்குள். இவற்றை நிறைவேற்றினால் அப்போது ஆடம்பர வரி கிடையாது. அரசு மானியத்தில் விற்ற மலிவுப் பெட்ரோல் இல்லாமல் தரமான பெட்ரோலில் ஓட வேண்டும் என்றும் வைத்தார்கள். காரைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் வாங்கியவர்களில் பலர் மானியப் பெட்ரோலையே போட்டார்கள், பக்கத்திலேயே மலிவாகக் கிடைக்கும்போது யாரும் விலை கூடியதைத் தேடிப் போவதில்லை. அப்போது ஜகார்த்தாவின் ஆளுநராக இருந்த ஜோகோ விடோடோ திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தார். மக்களுக்குத் தேவை மலிவான கார் இல்லை, மலிவான பொதுப் போக்குவரத்து என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே அவர் நாட்டின் அதிபரானார், 2019இல் ஜகார்த்தாவின் முதல் மெட்ரோ ரயில் ஓடியது. மலிவுக் கார் திட்டம் அதற்காக நிற்கவில்லை.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் வருவதில்லை. கார் வாங்க ஒரு வார இறுதி போதும். மெட்ரோ கட்டப் பத்து ஆண்டுகள் ஆகும். நடுத்தர வர்க்கம் காருக்கு மாறினால் பேருந்தில் கூட்டம் குறைந்து வருமானம் சரியும். கார்கள் கூடியதால் அதே பேருந்து நெரிசலில் மெதுவாகப் போகும். மெதுவாகப் போகும் பேருந்தை இன்னும் சிலர் கைவிடுவார்கள். குரல் உள்ளவர்கள் பேருந்தை விட்டு இறங்கிய பிறகு அதற்காகப் பேச ஆள் இருப்பதில்லை. நகரமும் காருக்கு ஏற்ப மாறும். நடைபாதை சுருங்கும், மேம்பாலம் எழும், வீடுகள் தொலைவில் கட்டப்படும், ஏரியும் வயலும் குடியிருப்பாகும். இருபது ஆண்டு கழித்து அந்த ஊரில் கார் இல்லாமல் வாழ்வது உண்மையிலேயே கடினமாகிவிடும். ஒரு காரின் ஆயுள் பதினைந்து இருபது ஆண்டு என்றால், அதற்காக அமைத்த ஊரின் ஆயுள் நூறு ஆண்டு. புகையை வடிகட்ட முடியும். இதை வடிகட்ட முடியாது. மலிவுக் காரின் மிகப் பெரிய சுற்றுச்சூழல் பாதிப்பு எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

எதற்குப் பதிலாக என்ற கேள்வியை முதலிலேயே கேட்டு, விடையையும் பூட்டி வைத்த ஒரு திட்டம் எகிப்தில் நடந்தது. 2008இல் வந்த சட்டப்படி கெய்ரோவில் இருபது வயதைத் தாண்டிய டாக்ஸிகளுக்கு உரிமம் புதுப்பிக்க மறுத்தார்கள். பழைய டாக்ஸியைக் கொண்டுவந்து ஒப்படைத்தால் அதை உடைத்துவிட்டு, புதிய டாக்ஸி வாங்கச் சலுகையும் கடனும் கொடுத்தார்கள். 40,000க்கும் மேற்பட்ட பழைய டாக்ஸிகள் இப்படிப் போயின. டாக்ஸி நாள் முழுதும் ஓடும் வண்டி. ஒன்றை மாற்றினால் பல சொந்தக் கார்களை மாற்றிய பலன். முக்கியமாக, பழையது உண்மையிலேயே உடைந்தது. வேறு ஊருக்கு விற்கப்பட்டு அங்கே புகை கக்கவில்லை. இங்கே மலிவான புதுக் காரே சுற்றுச்சூழலுக்கு நன்மையானது.

மின்சாரம் வந்தால்?

அடுத்த மலிவுக் கார் மின்சாரத்தில்தான் ஓடும் போலத் தெரிகிறது. சீனாவில் 2020இல் வந்த வூலிங் ஹோங்குவாங் மினி, 28,800 யுவான் விலையில் விற்பனையைத் தொடங்கியது. அதன் ஆரம்ப வகையில் பேட்டரி 9.3 கிலோவாட் மணிதான், அதாவது 9.3 யூனிட் மின்சாரம் பிடிக்கும். எத்தியோப்பியா 2024இல் பெட்ரோல், டீசல் கார்களின் இறக்குமதியையே நிறுத்திவிட்டது. எரிபொருள் வாங்க டாலர் இல்லை, நீர்மின்சாரம் இருக்கிறது; அங்கே அது பொருந்துகிறது. நேபாளத்திலும் நீர்மின்சாரம், அங்கும் இறக்குமதியாகும் கார்களில் பெரும்பகுதி மின்கார்களாகிவிட்டன. இந்தியாவில் மின்சாரத்தின் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது; யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. சிறிய மின்கார் 100 கி.மீ.க்கு 12 யூனிட் எடுத்தால் கிலோமீட்டருக்கு 84 கிராம். பெட்ரோல் காரின் 115ஐவிடக் குறைவு, ஆனால் பேருந்துப் பயணியின் 17ஐ நெருங்கவே இல்லை. தெருவில் சைலன்சர் புகை இருக்காது, அது பெரிய விஷயம். டயர் தேய்மானத்திலிருந்து வரும் துகளும், நெரிசலும், காருக்காக விரியும் ஊரும் அப்படியே இருக்கும்.

பணக்கார நாடுகள் மின்காருக்கு மாற மாற, அவை கழிக்கும் பெட்ரோல், டீசல் கார்கள் இன்னும் மலிவாகக் கப்பலேறும். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்கு இதுதான் பெரிய சோதனை. அதற்குப் பின்னாலேயே பழைய மின்கார்கள் வரும், பாதி உழைத்த லித்தியம் பேட்டரிகளோடு. சாலைத் தகுதி இல்லாத கார்களை வெளியே அனுப்பக் கூடாது என்ற விதியை ஐரோப்பிய ஆணையம் 2023 ஜூலையில் முன்மொழிந்தது. சரியான திசை. அதோடு, புறப்படும் துறைமுகத்திலேயே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்கார் என்றால் பேட்டரியில் எவ்வளவு உயிர் மிச்சம் இருக்கிறது என்று அளந்து எழுதித் தர வேண்டும். செத்த பேட்டரியைத் திரும்ப வாங்கும் பொறுப்பு, காரைச் செய்து லாபம் பார்த்த நிறுவனத்துக்கு இருக்க வேண்டும். தியாரோயில் ஈயத்தால் நடந்தது வேறொரு ஊரில் வேறொரு உலோகத்தால் நடப்பதற்கு முன் இதைச் செய்ய இப்போது நேரம் இருக்கிறது.